சாங்தாங்கில் ஆடு மேய்க்கிறவர்கள் ஏன் இறங்கிப் போகிறார்கள்?

கேள்வி, மே 4

பாஷ்மினா சால்வை என்ன விலைக்குப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த ஆட்டை வளர்க்கும் லடாக்கின் சாங்தாங் கிராமங்கள் மட்டும் காலியாகிக்கொண்டே வருகின்றன. சீன எல்லையில் கைவிட்டுப் போனது என்று சொல்லப்படும் மேய்ச்சல் நிலம் வரைபடத்தில் நகக்கண் அளவுகூட இல்லை. கிழக்கு லடாக் முழுக்க வெட்டவெளிதானே? இந்தப் பக்கம் தடுத்தால் அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகலாமே? எல்லையால் பிழைப்பு போச்சு என்பது அரசியல்வாதி பேச்சு என்பது என் எண்ணம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மே 4, இரவு

வெட்டவெளி இருக்கிறது, புல்தான் இல்லை.

சாங்தாங் பீடபூமி 4,000 மீட்டருக்கு மேலே. அங்கிருக்கும் ஊர்களில் கோர்சோக் கிட்டத்தட்ட 4,560, சுஷுல் 4,350 பக்கம். புல் வளர்வது ஜூன் முதல் செப்டம்பர் பாதி வரை. அதற்குப் பிறகு ஒரு இலை துளிர்க்காது. அக்டோபரில் நிற்கும் காய்ந்த புல் தாளைத்தான் அடுத்த மே வரை ஆடு தின்ன வேண்டும். கோடைப் புல்லுக்கு அங்கே யாரும் சண்டை போடுவதில்லை. சண்டை எல்லாம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரைக்குமான தாளுக்கு. அது எங்கே கிடைக்கும்? உயரத்திலிருந்து கீழே இறங்கி, சிந்து ஆற்றங்கரைச் சமவெளிகளில். துங்டிக்கும் டெம்சோக்குக்கும் இடையில் ஆற்றின் வலக்கரையில் இருக்கும் ஸ்காக்ஜுங் பகுதி அப்படிப்பட்டது. சுஷுல், சாகா, நியோமா என்று பல ஊர் மந்தைகள் பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்த இடம். எல்லைக்கோடு எது என்று இரண்டு நாடும் ஒத்துக்கொள்ளாத இடமும் அதுவே.

நகக்கண் அளவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நகக்கண்ணில்தான் ஐந்து மாதச் சாப்பாடு.

மே 5

பணக்கணக்கு கேட்டவருக்கு. 200 உருப்படி மந்தையில் 150 பெரிய ஆடு என்று வைப்போம். ஆட்டுக்கு 250 கிராம் பாஷ்மினாப் பஞ்சு, மொத்தம் 37.5 கிலோ. கிலோ 3,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் 1,12,500. இது வருடத்துக்கு ஒரே முறை வரும் காசு. இதிலிருந்து மாவு, தீவனம், பிள்ளைகளின் ஹாஸ்டல், சம்பளத்துக்கு ஆள் வைத்தால் அவருக்கு. சால்வை விலையை ஆட்டுக்காரர் விலை என்று நினைத்தால் கணக்கு உதைக்கும்.

மே 5, இரவு

நேற்று எழுதியதில் ஒரு பிழை. "உயரத்திலிருந்து கீழே இறங்கி" என்று எழுதிவிட்டேன். எல்லா மலைக்கும் பொருந்தும் பாடத்தை இங்கே ஒட்டிவிட்டேன். சாங்தாங்கில் குளிர்கால இடத்தைத் தீர்மானிப்பது உயரம் அல்ல, காற்று. பனி விழுந்த மறுநாளே காற்று துடைத்துக்கொண்டு போகிற சரிவு எது, வெயில் படும் தெற்குப் பக்கம் எது என்று பார்க்கிறார்கள். சில மந்தைகள் பனிக்காலத்தில் மேலே ஏறுவதும் உண்டு. பள்ளத்தில் பனி குவிந்து கிடக்கும், மேட்டில் தாள் தெரியும். ஸ்காக்ஜுங் மதிப்புப் பெற்றதும் இதனால்தான். அங்கே பனி நிற்பது குறைவு.

"வேறு பக்கம் ஓட்டலாமே" என்ற கேள்விக்கு இதுவே பதில். வேறு பக்கம் நிலம் உண்டு, அதன் மேல் பனியும் உண்டு.

மே 9

பனி ஆழமாக விழுந்தால் ஆடு காலால் பறித்துத் தின்னுமே என்கிறார் ஒருவர். புதுப்பனி என்றால் கொஞ்சம் பறிக்கும். கொல்வது ஆழம் அல்ல, மேலோடு. பகல் வெயிலில் மேல்பரப்பு உருகி, ராத்திரி மைனஸ் 25இல் கண்ணாடி மாதிரி இறுகிவிடும். குளம்பு உடைக்க முடியாது, உடைத்தால் கணுக்கால் கிழியும். அப்போது யாக் மந்தையை முன்னால் விட்டு வழி திறப்பார்கள். யாக்கின் எடைக்கு ஓடு நொறுங்கும், பின்னாலேயே ஆடு. பாஷ்மினாவுக்காக யாக்கை விற்று ஆட்டைப் பெருக்கிய வீடுகளுக்கு இந்த வசதி இல்லை. செம்மறி, வெள்ளாடு, யாக் மூன்றையும் கலந்து வைத்திருந்தது பழைய ஆட்களின் இன்சூரன்ஸ். வெள்ளாட்டுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, குளிரில் முதலில் விழுவது அதுதான்.

அடுத்தது குட்டிக் கணக்கு. சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். செப்டம்பர் கடைசியில் கிடா சேர்ந்தால் பிப்ரவரி கடைசியில் குட்டி விழும். நவம்பரில் சேர்ந்தால் ஏப்ரல். அதனால் கிடாவின் வயிற்றில் ஒரு துணியைத் தொங்கவிட்டுக் கட்டி வைப்பார்கள், ஏறினாலும் காரியம் நடக்காது. முடிச்சு தளர்ந்தாலோ, கிடாவே கொம்பால் கிழித்துக்கொண்டாலோ போச்சு, உறைபனியில் பேறுகாலம். தாய் ஈரக் குட்டியை நக்கிக் காய வைப்பதற்குள் காது நுனி உறைந்துவிடும். குட்டிகளுக்குக் கிடைக்குள்ளேயே கல் சுற்றிய சிறு குழி. தரையில் காய்ந்த புழுக்கைத் தூள், மேலே கம்பளித் துண்டு. தூள் ஈரமானால் அன்றே அள்ளி மாற்ற வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நாள் சளி பிடித்து நுரையீரலுக்குப் போகும்.

இந்த மாதங்களில் தாய்க்குப் பால் வேண்டும், பாலுக்குத் தாள் வேண்டும், தாள் இருக்கும் இடம் குளிர்கால மேய்ச்சல். அது இல்லாத வருடம் பெரிய ஆடு எப்படியோ எலும்பும் தோலுமாகத் தாண்டிவிடும், குட்டிகள்தான் மொத்தமாகப் போகும். 2012-13 பனியில் நடந்தது அது. மந்தை ஒரு வருடத்தில் அழிவதில்லை. ஒரு வயதுக் குட்டியே இல்லாமல் நாலு வருடம் போனால் தானாகக் கிழடு தட்டிவிடும்.

மே 9, சற்று நேரம் கழித்து

தீவனம் வாங்கிப் போடலாமே என்று கேட்பார்கள், அதற்குள் கணக்கைப் போட்டுவிடுகிறேன். 28, 30 கிலோ ஆட்டுக்கு உயிர் தங்க நாளைக்கு அரைக் கிலோ உலர் தீவனம். 200 உருப்படிக்கு 100 கிலோ. ஒரு மாதப் பனிக்கு 3 டன். ஓல் என்கிற குதிரைமசால் லே நகரத்துக்குப் பக்கத்துத் தாழ்வான ஊர்களில் விளையும், சாங்தாங்கில் சில இடம் தவிர வராது. காய்ந்த மசால் எடைக்கு மீறி இடத்தை அடைக்கும். மூன்று டன் என்று சொன்னால் ஒரு லாரி போதும் என்று தோன்றும், ஏற்றிப் பார்த்தால் போதாது. அதுவும் பனி விழுந்த பிறகு லாரி வராது. செப்டம்பரில் வாங்கி அடுக்கி வைக்க வேண்டும். செப்டம்பரில் கையில் காசு இருக்க வேண்டும்.

மே 10

கியாங் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அந்தக் காட்டுக்கழுதை அதே தாளைத்தான் தின்னும், கூட்டமாக வரும். அதற்குக் கிடை காவலும் கிடையாது, பர்மிட்டும் கேட்பதில்லை. ராத்திரி இந்தக் கரை, காலையில் அந்தக் கரை. எல்லைப் பேச்சுவார்த்தைக்கு அதை அனுப்பினால் சீக்கிரம் முடியும்.

மே 16

எல்லை என்று பொதுவாகப் பேசுகிறோம், நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன்.

டெம்சோக்கில் சார்டிங் என்ற ஓடை சிந்துவில் வந்து சேர்கிறது. ஓடைக்கு இரண்டு பக்கமும் டெம்சோக் என்றே ஊர். இந்தியக் கைவசம் ஒன்று, சீனக் கைவசம் ஒன்று. கோடு ஓடைதானா, ஓடைக்கு அப்பாலா, இப்பாலா என்பதில்தான் தகராறு. வேலி கிடையாது. மேய்ப்பவருக்கு எல்லை என்பது ஒரு பாறை, ஒரு பழைய கிடை, "இதற்கு மேல் போனால் ஆள் வருவான்" என்கிற அனுபவம்.

2020 ஜூன் 15 கல்வான் மோதலுக்குப் பிறகு அந்த அனுபவ எல்லையும் பின்னால் நகர்ந்தது. கல்வான், பாங்கோங் கரை, கோக்ரா, ஹாட் ஸ்பிரிங்ஸ் என்று இரண்டு படையும் விலகிய இடங்களில் இடைவெளிப் பகுதி விட்டார்கள். படை போகாத இடம் என்றால் மந்தையும் போகாத இடம். சுஷுல் பக்கத்து மேட்டில் படை ஏறியது 2020 ஆகஸ்டு கடைசியில், இறங்கியது 2021 பிப்ரவரியில். நடுவில் வந்தது முழுக் குளிர்காலம். தேதிகளை எண்ணிப் பார்த்தால் அந்த மந்தைக்கு எந்த மாதம் போயிற்று என்று தெரியும்.

2024 அக்டோபர் 21 அன்று டெப்சாங், டெம்சோக் இரண்டுக்கும் ரோந்து ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. பழைய மேய்ச்சலும் திரும்பும் என்பது அதில் சேர்த்தி.

இனி ஒரு நாள் எப்படிப் போகும் என்று பாருங்கள். குளிர்காலத்தில் மேயத் தகுந்த வெளிச்சம் ஏழெட்டு மணி நேரம். வெயில் ஏறி ஆட்டின் முதுகு சூடேறிய பிறகுதான் கிடை திறப்பார்கள், விடியலில் திறந்தால் நடக்காமல் ஒடுங்கி நிற்கும். போக வர ஆறு கிலோமீட்டர் என்றால் நடையிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும், பலவீனமான ஆடு இன்னும் மெதுவாக நடக்கும். மிச்சம் நாலு மணி. இதில் காவல் முகாமில் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை காத்து நின்றால் ஒன்றரை மணி கழியும். யாரும் தடுக்கவில்லை, அனுமதி மறுக்கவும் இல்லை. ஆட்டின் வயிறு மட்டும் பாதி. "மேய்ச்சலுக்குத் தடையில்லை" என்ற அறிக்கையும் உண்மை, ஆடு இளைத்ததும் உண்மை.

மே 16, பின்குறிப்பு

யார் எங்கே மேய்க்கலாம் என்று சொல்வது ஊர்த் தலைவர், கோபா என்பார்கள். மந்தை எண்ணிக்கையைப் பார்த்து வருடா வருடம் பங்கு பிரிப்பார்கள். ஒரு இடம் கையைவிட்டுப் போனால் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நஷ்டமில்லை, பங்கு முழுதும் மறுபடி பிரிக்க வேண்டும். எல்லையிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிடையிலும் அந்த வருடம் கூட்டம் கூடுவது இப்படித்தான். 1959க்குப் பிறகு திபெத்திலிருந்து மந்தையோடு வந்து குடியேறிய குடும்பங்களும் இதே நிலத்தில்தான் இருக்கிறார்கள். வந்தவர்கள் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. 1962க்குப் பிறகு கிழக்கே போகும் வழி அடைபட்டது, நிலம் சுருங்கியது, தலை கூடியது.

மே 17

"மேய்ச்சல் நடந்தது என்பதற்கு என்ன அத்தாட்சி" என்று கேட்டவருக்கு. கிடையின் கல்சுவரும் அதன் தரையும். வருடக்கணக்கில் ஆடு அடைத்த கிடையில் புழுக்கை கெட்டித் தட்டாக இறுகி, அடுக்கு அடுக்காக இருக்கும். பாரையால் வெட்டி எடுத்து அடுப்புக்கு வைத்துக்கொள்வார்கள். பத்து வருடம் ஆள் போகாவிட்டால் சுவர் சரியும், தட்டு பொடிந்து காற்றோடு போகும். பட்டா இல்லாத நாட்டில் பட்டா அதுதான், அதனால்தான் மூத்தவர்கள் புல் சுமாராக இருந்தாலும் அந்தக் கடைசிக் கிடையில் இரண்டு ராத்திரியாவது அடைத்துவிட்டு வரப் பார்க்கிறார்கள்.

இன்னொரு அத்தாட்சி, சுஷுல் பக்கத்துக் கணவாய் ரெசாங் லா: 1962 நவம்பர் 18, சீனப் படையோடு அங்கே போரிட்டது மேஜர் சைத்தான் சிங்கின் 13 குமாவோன் கம்பெனி. அந்த வீரர்களின் உடல்களை மறு ஆண்டுத் தொடக்கத்தில் முதலில் பார்த்தது அங்கே போன ஒரு லடாக்கி மேய்ப்பர். அந்த மேட்டில் பனிக்காலத்தில் நடமாடும் ஆள் வேறு யார்?

மே 25

பேச்சு மாறுகிறது, பரவாயில்லை. பாஷ்மினா எடுப்பது எப்படி என்று மூன்று பேர் கேட்டாயிற்று. கத்தரிப்பதில்லை, வாருவது.

மே கடைசி முதல் ஜூலை வரை ஆடு தானாக உள்மயிரை விடும். கழுத்தோரம் விரலால் பிரித்துப் பார்த்தால் பஞ்சு தோலை விட்டு எழும்பி நிற்கும், அது அடையாளம். ஆட்டைச் சாய்த்துப் படுக்கவைத்து மூன்று காலைச் சேர்த்துக் கட்டு, ஒரு கால் சும்மா. முதலில் அகலப் பல் சீப்பால் முள், சாணி, மண் எல்லாம் போக வேண்டும். இதைச் சோம்பினால் பின்னால் பஞ்சோடு முள் சேர்ந்து விலை இறங்கும். பிறகு நுனி வளைந்த இரும்புப் பல் சீப்பு. கழுத்திலிருந்து தோள், விலா, வயிறு என்று மயிர் போகும் போக்கிலேயே குட்டையாக இழுக்க வேண்டும். எதிர்ப்போக்கில் இழுத்தால் வெளிமயிர் அறுந்து கலக்கும். அரை மணிக்குக் குறைந்து ஒரு ஆட்டை முடித்தால் பாதி பஞ்சு உடம்பிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

முன்கூட்டியே வாரினால் உயிர்மயிர் பிடுங்கப்பட்டுத் தோல் பொரியும், சில இடத்தில் ரத்தமே வரும். தாமதித்தால் புதர்தான் வாரிக்கொள்ளும், வழி நெடுகப் பஞ்சு தொங்கும். எல்லாவற்றையும் விட மோசம், வாரிய மறுநாள் ஆலங்கட்டியோ பனித்தூறலோ. சட்டை கழற்றின ஆடு அது. அதனால் மொத்த மந்தையையும் ஒரே வாரத்தில் முடிக்க மாட்டார்கள், கிழடும் சினை கழிந்து இளைத்ததும் கடைசி.

மே 26

மே 5 கணக்கைத் திருத்துகிறேன். 250 கிராம் என்றது வாரின கச்சா எடை, அதுவும் கொஞ்சம் தாராளம். பெட்டை 200ஐத் தாண்டினால் நல்லது. கச்சாவில் வெளிமயிர், பொடுகு, மண் எல்லாம் உண்டு. பிரித்துச் சுத்தம் செய்தால் பாதிக்குப் பாதி தேறும், சில நேரம் அதற்கும் கீழே. ஆக ஆட்டுக்கு 100 கிராம். 12 முதல் 15 மைக்ரான் தடிமனுள்ள இழை அது. 200 கிராம் சால்வைக்கு, நூற்பதில் போகும் கழிவையும் சேர்த்தால், இரண்டு மூன்று ஆடு. என் 37.5 கிலோவை 30 என்று வாசித்துக்கொள்ளுங்கள், ரூபாயையும் அதே போல இறக்கிக்கொள்ளுங்கள்.

எடை கூட்ட ஈரத்தோடு மூட்டை கட்டுகிறவர்களும் உண்டு. மூட்டைக்குள் பூசணம் பிடித்து மஞ்சளடிக்கும், வாங்குகிறவர் அடுத்த வருடம் அந்த ஊர் மூட்டை எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்.

ஜூன் 3

சமையல் பக்கம் திரும்பிவிட்டது பேச்சு. 4,500 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 85 டிகிரியில் கொதிக்கிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது, எரிபொருள் மட்டும் வேகும். விறகு இல்லாத நாட்டில் வறுத்த பார்லி மாவு ஏன் தினச் சாப்பாடு ஆனது என்றால் அதற்கு அடுப்பே வேண்டாம், வெண்ணெய்த் தேநீரில் பிசைந்தால் போதும். எரிப்பது யாக் வரட்டி, ஆட்டுப் புழுக்கை, பிறகு புர்ட்சே என்ற புதர். புர்ட்சேயை வேரோடு பிடுங்குவார்கள், வேர்தான் நின்று எரியும். பிடுங்கின இடம் சீக்கிரம் ஆறாது. முகாம், சாலை வேலை என்று அடுப்புகள் கூடிய பக்கங்களில் அது தெரியும்.

கூடாரம்: ரெபோ, யாக் மயிர் நெசவு. குறுகிய பட்டைகளாக நெய்து தைப்பது. நனைந்தால் இழை உப்பிக் கண் அடைபடும், காய்ந்தால் புகை வெளியே போகும். தேய்ந்த பட்டையைக் கழற்றிப் புதுப்பட்டை கோத்துக்கொண்டே போவதால் முழுக் கூடாரமும் ஒரே வயது இல்லை. இப்போது பாதிக்கு மேல் வெள்ளைத் துணிக் கூடாரம்தான். தூக்க எளிது. காற்றில் படபடக்கும் சத்தத்தில் தூக்கம் வராது, அது வேறு.

ஜூன் 8

ஓநாய். பழைய வழி ஷாங்டோங்: உள்பக்கம் சாய்ந்த கல்சுவர்க் குழி, உள்ளே ஒரு ஆடு, குதித்த ஓநாய் ஏற முடியாது, பிறகு கல்லடி. 2018இல் சுஷுலில் ஊராரே அதன் சுவரைத் திறந்து, பக்கத்தில் ஸ்தூபி கட்டினார்கள். அதற்குப் பதிலாகக் கிடையைப் பலப்படுத்துவது. பனிச்சிறுத்தை சுவரேறிக் குதிக்கும், ஆகவே மேலே கம்பிவலைக் கூரை வேண்டும். வலையை நடுவில் கம்பம் வைத்துத் தூக்காவிட்டால் பனிப்பாரத்தில் தொய்ந்து ஆட்டின் மேலேயே உட்காரும். வழக்கமாக விட்டுப்போவது கதவு. மரச்சட்டத்துக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, அங்கே நுழைந்தால் ஒன்றைத் தின்ன இருபதைக் கொல்லும்.

இன்று ஓநாயைவிடத் தொல்லை, முகாம் சமையல் கழிவைத் தின்று பெருகிய நாய்க்கூட்டம். ஆட்டையும் கடிக்கும், கருங்கழுத்துக் கொக்கின் முட்டையையும் தின்னும். அதற்கு எந்தப் பொறியும் செய்யவில்லை யாரும்.

ஜூன் 15

இத்தனை எழுதியும் ஒரு முள் உறுத்துகிறது. கர்னக். சாங்தாங்கின் மேற்கே இருக்கும் மேய்ச்சல் ஊர், எல்லைக்கு வெகு தொலைவு. அங்கே மேய்ச்சலை எவரும் மறிக்கவில்லை. ஆனாலும் பெரும்பாலான குடும்பம் இறங்கி லேக்குப் பக்கத்தில் கர்னக்லிங் என்று தனிக் குடியிருப்பே வந்துவிட்டது. அப்படியானால் எல்லைதான் காரணம் என்ற என் முதல் குறிப்பு அரைகுறை.

கர்னக்கில் போனது புல் அல்ல, கை. 200 உருப்படிக்கு மேய்க்க ஒருவர், குட்டி பார்க்க ஒருவர், பால் கறக்க இருவர். கறக்கும்போது ஆடுகளை எதிரெதிராக நிறுத்திக் கழுத்தோடு கழுத்து பின்னி ஒரே கயிற்றில் கட்டுவார்கள், முனையை இழுத்தால் மொத்தமும் அவிழும். இரண்டு பேர் இருந்தால் நிமிட வேலை, ஒருவர் மட்டும் என்றால் முதல் ஆட்டைப் பிடிப்பதற்குள் மூன்றாவது ஓடும். பிள்ளை பூகாவிலோ லேயிலோ பள்ளி விடுதியில். பெற்றவர்களில் ஒருவர் பிள்ளையோடு இறங்கினால் மந்தை ஒற்றைக் கையில். மந்தை பாதியானால் பங்காளி வீட்டோடு சேர்த்து மேய்ப்பார்கள், அதற்கடுத்த வருடம் விற்பார்கள்.

அதனால் இப்படித் திருத்துகிறேன். கை குறைவது சாங்தாங் முழுக்க. எல்லையோர ஊரில் கையும் குறைகிறது, புல்லும் குறைகிறது. கை குறைந்த வீடு கிட்டத்தில் நல்ல தாள் இருந்தால் இன்னும் பத்து வருடம் தாக்குப்பிடிக்கும். தாள் தூரம் போனால் மூன்று குளிர்காலம்.

ஜூன் 15, இரவு

சாலையும் திட்டமும் வந்தால் திரும்ப மாட்டார்களா? 2023 பிப்ரவரியில் ஒப்புதலான, எல்லையோர ஊர்களுக்கான துடிப்பான கிராமங்கள் திட்டத்தில் லடாக்கும் உண்டு, மொத்தம் 4,800 கோடி. டெம்சோக் போகும் உம்லிங் லா சாலை 5,798 மீட்டரில் இருக்கிறது. வீடு, மின்சாரம், சாலை எல்லாம் வரவேண்டியவைதான். அவை ஊரைத் தங்கவைக்கும், மந்தையைத் தங்கவைக்குமா என்பது தனிக்கேள்வி. ஹன்லேயில் பாருங்கள், 4,500 மீட்டரில் வானாய்வகம். அதை நடத்துவது பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம், காவலூரும் கொடைக்கானலும் வைத்திருக்கும் அதே நிறுவனம். 2022 டிசம்பரில் இருள்வான் காப்பகம் அறிவித்த பிறகு நட்சத்திரம் பார்க்க வருகிறவர்களுக்கு ஊர்க்காரர்கள் வீட்டில் இடம் தருகிறார்கள், தொலைநோக்கி காட்டுகிறார்கள். நல்ல வருமானம். அந்த வீட்டுப் பிள்ளை ஊரிலேயே இருக்கும், கிடையில் இருக்காது.

ஜூன் 22

ஒருவர் லடாக்கின் பாங் சமவெளியில் வரவிருக்கும் 13 கிகாவாட் மின்திட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார், அதுவும் வெற்று நிலம்தானே என்று. மே 4ஆம் தேதி முதல் குறிப்பையும், மே 5 இரவுத் திருத்தத்தையும் படியுங்கள். வரைபடத்தில் கோடு போடுமுன் ஜனவரியில், பனி விழுந்து இரண்டு நாள் கழித்து, அங்கே போய் எந்தச் சரிவில் தாள் தெரிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஜூலையில் போய் அளந்தால் எல்லா இடமும் ஒன்றுபோலப் பச்சையாகத்தான் இருக்கும்.